மூன்றாவது இலக்கம்

யாராவது தங்கள் வாகனத்தைப் பற்றி அவரிடம் கதை சொல்லத் தொடங்கினால் அவர் கேட்கமாட்டார். குனிந்துவிடுவார். வாங்கிய இடம், விற்றவனின் நல்ல குணம், முன்பு வைத்திருந்த கிழவி கடைக்குப் போக மட்டும்தான் ஓட்டினாளாம் என்ற கதை எல்லாம் அவருடைய முதுகுக்குத்தான் சொல்லப்பட்டுக்கொண்டிருக்கும். அவர் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சோக்குத் துண்டை எடுத்து, இரும்பில் அடித்திருக்கும் இலக்கங்களின் மேல் தேய்த்து, வாயால் ஊதி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்ப்பார்.

"எண்பத்தெட்டு இல்லை. எண்பத்தேழு" என்பார்.

அவ்வளவுதான். சோக்கைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு எழும்புவார். அவருடைய நீலக் காற்சட்டையின் வலது பக்கம் எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய மனைவி இன்னும் ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் அதே மாடிவீட்டில் இருக்கிறார். அந்த அக்காவின் வதிவிட, குடியுரிமைக் கடதாசிகள் எல்லாம் இவருடைய கடதாசிகளைப் பிடித்துக்கொண்டு வந்தவை. பெயரை எழுதினால் யார் எதைக் கிளறுவார்கள் என்று தெரியாது. இந்தப் பயம் எனக்குப் புதிதல்ல, இதனால்தான் நான் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒஸ்லோவின் கிழக்கே ஒரு பழைய கராச்சில் அவர் இருபத்தைந்து வருசத்துக்கு மேல் வேலை செய்தார். திருத்துவதில் அவர் பெரிய விண்ணன் என்று சொல்லமாட்டேன். அவரை விடக் கெட்டிக்காரர் இரண்டு மூன்று பேர் அங்கேயே இருந்தார்கள். ஆனால் பழைய வண்டி ஒன்று உள்ளே வந்து, அது எந்த வருசத்தில் செய்தது என்று தெரியாமல் சாமான் எடுக்க முடியாமல் நின்றால், முதலாளி அவரைத்தான் கூப்பிடுவான். அவர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். "முதல் இரும்பைக் கேளும். பிறகு தகட்டைக் கேளும். கடதாசியைக் கடைசியிலை கேளும். ஆக்களைக் கேக்கவே வேண்டாம்." இதை நான் அவருடைய வாயால் நூறு தரம் கேட்டிருப்பேன்.

பழைய ஜெர்மன் வான் என்றால் அவருக்கு இன்னும் விருப்பம். அதன் எஞ்சின் பின்னுக்கு இருக்கும். மூடியைத் திறந்தால் வலது பக்கத்தில் நீளமான இலக்கம் ஒன்று அடித்திருக்கும். முதல் இரண்டு இலக்கமும் அது என்ன வகை வண்டி என்று சொல்லும். மூன்றாவது இலக்கம்தான் வருசம். எட்டு என்றால் அறுபத்தெட்டு, ஒன்று என்றால் எழுபத்தொன்று. அதிலும் ஒரு சுழிப்பு உண்டு. அந்தத் தொழிற்சாலையில் கோடை விடுமுறை முடிந்து ஓகஸ்ட் மாதம் வேலை தொடங்கினால் அப்போதே அடுத்த வருச இலக்கத்தை அடிக்கத் தொடங்கிவிடுவார்களாம். "ஓகஸ்டிலை பிறந்தது அடுத்த வருசத்துப் பிள்ளை" என்று அவர் சொல்லும்போது ஏதோ தன் சகோதரியின் பேறுகாலத்தைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

இலக்கத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார். சின்ன வயதில் நாங்கள் சதக் குற்றிக் காசுகளை எடுத்ததுபோல. அந்தத் தாள்களை ஒரு பழைய தவக்காலப் பாட்டுப் புத்தகத்துக்குள் செருகி வைத்திருந்தார். பெரிய வெள்ளியன்று கோயிலில் அந்தப் புத்தகத்தைத் திறந்தால் வண்டி நம்பர்கள் மடியில் கொட்டும். அக்கா முழங்கையால் இடிப்பார்.

இந்தக் குணத்தால் அவருக்கு வந்த கெட்ட பெயர் கொஞ்சமல்ல. ஒரு ஞாயிறு பூசை முடிந்து, கோயில் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு புது மாப்பிள்ளையின் காரைச் சுற்றி நின்றோம். மாமனாருக்கு வாங்கிக் கொடுத்திருந்தான். மாமனார் சிரித்த வாய் மூடாமல் நின்றார். இவர் குனிந்தார்.

"தம்பி, இது நீர் சொல்லுற வருசம் இல்லை. மூண்டு வருசம் பழசு" என்றார்.

மாமனாரின் வாய் மூடிக்கொண்டது. மாப்பிள்ளை அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் எங்கள் கோயிலுக்கு வரவில்லை, வேறு இடத்துக்குப் பூசைக்குப் போனான். நான் இவரைத் தனியே பிடித்துக் கேட்டேன்.

"ஏன் அண்ணை, பாத்தும் பாக்காத மாதிரி விட்டிருக்கலாமே?"

"நான் என்ன சொன்னனான்? நம்பர் சொன்னதைத்தானே சொன்னனான்."

அதன் பிறகு சனங்கள் அவரைக் கண்டால் தங்கள் கார்களைத் தரிப்பிடத்தின் அடுத்த மூலையில் விடத் தொடங்கினார்கள். அவருக்கு அது விளங்கவில்லை. அல்லது விளங்கியும் அக்கறைப்படவில்லை.

இப்படி ஒரு மனிதர் தன் சொந்த வருசத்தை மட்டும் பொய்யாகச் சுமந்துகொண்டு திரிந்தார் என்பதுதான் சங்கதி.

எங்கள் தலைமுறையில் பலருக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று சொந்த வயது, மற்றது கடதாசி வயது. எண்பத்தைந்தில் நாங்கள் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் உள்ள எங்கள் தீவிலிருந்து புறப்பட்டபோது நோர்வேயில் ஒரு வதிவிடப் பள்ளியில் இடம் எடுத்துக்கொண்டு வருவதுதான் வழி. இருபத்தைந்துக்கு மேல் என்றால் இடம் தரமாட்டார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு கதை உலவியது. யார் கிளப்பினார்களோ தெரியாது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த தட்டச்சுக்காரர் ஒருவர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களைச் சரிசெய்து கொடுத்தார். இவர் பிறந்தது ஐம்பத்தாறில். தட்டச்சுக்காரர் இவருடைய முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாலு குறைப்பம், முகம் தாங்கும்" என்றாராம். அப்படி அறுபது ஆனது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியுமென்றால், தீவில் அவர் என் மூத்த அண்ணனோடு ஒரே வகுப்பில் படித்தவர். அதைவிட, அதே தட்டச்சுக்காரரின் அதே மேசைக்கு முன்னால் அடுத்த ஆளாக இருந்தவன் நான். நான் ஐம்பத்தெட்டு. எனக்கு இரண்டு குறைத்தார். ஆக, கடதாசியில் நானும் அவரும் ஒரே வயது. பள்ளி முடிந்து நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்து ஒரு அறையில் கிடந்த காலத்தில் "எட இரட்டைப் பிள்ளை, தேத்தண்ணி போடு" என்று நான் பகிடி விடுவேன். அவர் சிரிப்பார். அப்போது எங்களுக்கு அது பகிடிதான். இரண்டு வருசமும் நாலு வருசமும் அந்த வயதில் யாருக்குப் பெரிது?

இந்த நாட்டில் ஒவ்வொருவருக்கும் பதினொரு இலக்கத்தில் ஒரு எண் உண்டு. பெர்சூன்நும்மர் என்பார்கள். வைத்தியர், வங்கி, வரி, பிள்ளையின் பள்ளிக்கூடம், எங்கே போனாலும் அதைத்தான் கேட்பார்கள். அதில் முதல் ஆறு இலக்கமும் பிறந்த நாள், மாதம், வருசம். ஐந்தாவதும் ஆறாவதும் வருசம். ஊர் வண்டிகளின் வருசத்தையெல்லாம் இலக்கத்தில் வாசித்த மனிதருடைய ஐந்தாவது ஆறாவது இலக்கங்கள் பொய். நாளொன்றுக்கு ஒரு தரமாவது அந்தப் பொய்யை அவர் வாயால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அவருடைய மகள் இங்கே பிறந்தவள், ஒரே பிள்ளை. அவள் படிக்கிற காலத்தில், அப்பாவுக்கு ஐம்பது என்று லில்லெஸ்ட்ரோமில் மண்டபம் எடுத்து ஒரு விழா வைத்தாள். எங்கள் ஆட்கள் ஐம்பதைக் கலியாணம்போலக் கொண்டாடுவார்கள். கேக்கின் மேல் ஐந்தும் பூச்சியமும் மெழுகுதிரியாக நின்றன. அவர் கோட் போட்டுக்கொண்டு, கேக் வெட்டி, எல்லாருக்கும் ஊட்டி, நெருப்பு மாதிரிக் கண் கூசும் வெளிச்சத்தில் படத்துக்கு நின்றார். பிறகு குசினிப் பக்கம் என்னிடம் வந்தார். கையில் அந்தப் பூச்சிய மெழுகுதிரி இருந்தது.

"ஐம்பத்திநாலு வயசிலை ஐம்பது கொண்டாடுறன், ஐசே. மீற்றரைப் பின்னுக்குச் சுத்தி வித்த வண்டி நான்."

மீற்றர் சுற்றுகிறவனை அவர் எவ்வளவு கேவலமாக நினைப்பவர் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு ரோல்ஸை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் அதைச் சாப்பிடாமல் திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

இனி வானுக்கு வருகிறேன்.

நான் பஸ் ஓட்டுகிறவன். வாழ்க்கை முழுதும் அடுத்தவனின் வண்டியை ஓட்டியவனுக்கு ஒரு ஆசை வரும். லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால் ஒரு தோட்டக்காரனின் களஞ்சியத்தில் கிடந்த பழைய ஜெர்மன் வான் ஒன்றை வாங்கினேன். மேலே வெள்ளை, கீழே ஒரேஞ். கடதாசியில் அறுபத்தொன்பது என்று இருந்தது. என் மகளின் கலியாணம் அந்த ஆனி மாதம். அந்த வானில் மாலை கட்டி, எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு அவளை நானே ஓட்டிக்கொண்டு போவதாக எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அவளும் தன் சிநேகிதிகளுக்குச் சொல்லிவிட்டாள். இந்த நாட்டில் வாகனங்களைக் காலத்துக்குக் காலம் பரிசோதனைக்குக் காட்டவேண்டும். ஐம்பது வருசம் கண்ட வண்டிக்கு அந்தப் பரிசோதனை இல்லை. என் கடதாசிப்படி வானுக்கு அந்த வருசம் ஐம்பது. நான் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவரைக் கூப்பிட்டேன், எஞ்சினை ஒருக்கால் பாருங்கள் என்று. நெஞ்சு நோ இருந்ததால் அவர் அப்போது கார் ஓட்டுவதைக் குறைத்திருந்தார். மகள்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது, மருந்துக்கடையில் வேலை. எங்கள் மாடிவீட்டின் கீழ்த்தளக் கராச்சில் வான் நின்றது. அவர் எஞ்சின் மூடியைத் திறந்தார். மகள் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தாள். சோக்கு வெளியே வந்தது.

"இரண்டு, ஒண்டு, ஒண்டு" என்று வாசித்தார். "எழுபத்தொண்டு."

"கடதாசியிலை அறுபத்தொன்பது அண்ணை."

அவர் முன்னால் போய், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த சின்னத் தகட்டைத் துடைத்துப் பார்த்தார். பிறகு படுத்து, அடிச்சட்டத்தை ஸ்குரூட்ரைவரால் குத்தினார். அது உள்ளே போனது. துரு அவருடைய முகத்தில் கொட்டியது.

"தகடும் எழுபத்தொண்டுதான் சொல்லுது. இதுக்கு ஐம்பது ஆக இன்னும் இரண்டு வருசம் கிடக்கு. நீர் வருசத்தைத் திருத்திக் குடுத்திட்டுப் பரிசோதனைக்குக் கொண்டுபோம். இந்தச் சட்டத்தோடை பிள்ளையை ஏத்தாதையும்."

"திருத்தினால் பெயில் ஆக்குவாங்கள். கலியாணத்துக்கு ஒரு மாசம்தான் கிடக்கு. கடதாசியிலை இருக்கிறபடி விடுங்கோவன். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். உமக்குத் தெரியும். இப்ப இவளுக்கும் தெரியும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அந்த மாமனாருக்கு முன்னால் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். அந்தக் குரல்தான் என்னைக் கிளப்பியது. எனக்கு வாய் முந்தும், புத்தி பிந்தும்.

"வானுக்கு இரண்டு வருசம் பிழைச்சுப்போச்செண்டு துடிக்கிறியள். உங்கடை பெர்சூன்நும்மரிலை நாலு வருசம் பிழைச்சுக் கிடக்கே, அதை எப்ப திருத்தப் போறியள்?"

வெளிச்சம் ஆடியது. மகள் கைபேசியை இறக்கிவிட்டாள்.

"என்ன நாலு வருசம், அப்பா?"

என் மனைவி தேநீர்த் தட்டோடு கராச் வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் என் மகள். என் மகளுக்கும் என்னுடைய இரண்டு வருசம் தெரியாது. அவர் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். 'உம்மிலையும் இரண்டு கிடக்கு' என்று சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே செத்திருப்பேன். அவர் சொல்லவில்லை. பழந்துணியை எடுத்து எஞ்சின் பக்கத்து இலக்கத்தில் இருந்த சோக்கைத் துடைத்தார், ஒவ்வொரு இலக்கமாக, மெதுவாக.

"வா பிள்ளை, போவம்" என்றார். தேநீர் ஆறிப்போனது.

கலியாணத்துக்கு நான் வானை எடுக்கவில்லை. வாடகைக்கு ஒரு கறுப்புக் காரை எடுத்தேன். அவர் வந்தார், கவரைக் கொடுத்தார், சாப்பிட்டார், மாப்பிள்ளையின் காருக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் பின்னேரம் என் வீட்டு மணி அடித்தது. அவர்தான். கையில் ஒரு கோப்பு. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் கையை அசைத்து நிற்பாட்டினார்.

"நீர் சொன்னது சரி. முப்பத்திநாலு வருசம் ஒருத்தரும் சொல்லேல்லை. நான் எழுதப் போறன்."

தன்னுடைய பிறந்த வருசத்தைத் திருத்தித் தரச் சொல்லிக் குடிவரவு அலுவலகத்துக்கு விண்ணப்பம். மகள் நோர்வேஜிய மொழியில் எழுதிக் கொடுத்திருந்தாள். முதலில் அவள் ஒரு மாதம் அப்பாவோடு கதைக்கவில்லையாம். பிறகு தானே வந்து, எழுதுவோம் அப்பா என்றாளாம். அக்காவுக்குத்தான் துளியும் விருப்பமில்லை. பொய் வயது சொல்லி வந்தவர் என்று குடியுரிமையைக் கிளறினால், அதைப் பிடித்துக்கொண்டு வந்த தன்னையும் கிளறுவார்களே என்று அழுதாராம்.

"ஏன் அண்ணை இப்ப போய்?" என்று கேட்டேன். "இன்னும் கொஞ்சக் காலம்தானே."

"பென்சனுக்கும்தான். கடதாசிப்படி இன்னும் எட்டு வருசம் வண்டிக்குக் கீழை கிடக்கவேணும், நெஞ்சு விடாது. ஆனால் அது மட்டுமில்லை." அவர் கோப்பைத் திறந்தார். "இந்த வருசம் பிழையெண்டு தெரிஞ்சுகொண்டு சாகேலாது."

தீவுக் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகம் இடப்பெயர்வில் போய்விட்டது. வேறு ஆதாரம் இல்லை. சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒருவர் கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும் என்று விண்ணப்பப் படிவத்தில் கேட்டிருந்தார்கள். அவருக்கு இந்த நாட்டில் அப்படி இருந்த ஒரே ஆள் நான். கடிதத்தையும் மகளே எழுதிவைத்திருந்தாள். 'இவர் என் அண்ணனின் வகுப்பில் படித்தவர், என்னை விட இரண்டு வயது மூத்தவர்.' கீழே என் பெயர், என் பதினொரு இலக்கத்துக்கு வெற்றிடம், கையெழுத்துக்கு ஒரு கோடு.

"வாசிச்சுப்போட்டு வைச்சுத் தாறன்" என்றேன்.

"அவசரமில்லை" என்றார். போகும்போது கதவடியில் நின்று, "அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை எழுதிக் கேட்டவள். இருபத்தைஞ்சு வயசெண்டு ஒரு சட்டமும் அங்கை ஒருநாளும் இருக்கேல்லையாம்" என்று சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அன்றிரவு என் மனைவி கடிதத்தை வாசித்தாள்.

"என்னப்பா இது? 'என்னை விட இரண்டு வயது மூத்தவர்' எண்டு எழுதிக்கிடக்கு. உங்கடை நம்பரிலை அறுபது. அப்பிடியெண்டால் அவர் ஐம்பத்தெட்டு எண்டாகுது. அவர் ஐம்பத்தாறு எண்டு கேக்கிறார். உங்கடை வருசத்தையும் கிளறிப் பாப்பினம்."

கணக்குச் சரி. அவருடைய வருசத்துக்கு நான் சாட்சி சொன்னால் என்னுடைய வருசம் வெளியே வரும். 'இரண்டு' என்பதை 'நாலு' என்று மாற்றி எழுதிக் கையெழுத்து வைத்தால் தப்பலாம் என்றும் யோசித்தேன். அப்படி ஒரு பொய்யை அவரிடம் கொண்டுபோய் நீட்ட எனக்கு முகம் இருக்கவில்லை. கடிதத்தை மடித்து, வானின் முன்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அவர் அதைப் பற்றி ஒரு தரம்தான் கேட்டார். கோயில் படியில், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

"கடிதம் பாத்தனீரே?"

"பாக்கிறன் அண்ணை. வேலை கூட."

அவர் தலையை ஆட்டினார். இரும்பைக் கேட்கிற மனிதர் ஆளைக் கேட்டது அந்த ஒரு தரம்தான் என்று நினைக்கிறேன். ஒரு வருசம் போனது, இன்னொன்றும் போனது. அலுவலகத்திலிருந்து மகளுக்கு வந்த கடிதங்களில் ஆதாரம் போதாது, சாட்சிக் கடிதத்தை எதிர்பார்க்கிறோம் என்றிருந்தது. அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தகப்பன் சொல்ல விட்டிருக்கமாட்டார்.

ஒரு தை மாதம் காலை பத்து மணியளவில் அவர் கராச்சில் ஒரு லோறிக்குக் கீழே நினைவில்லாமல் கிடந்தார். கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சக வேலைக்காரர்கள் கண்டார்கள். கண்டும், வழமைபோல நம்பர் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு கோப்பி குடிக்கப் போய்விட்டார்கள். திரும்பி வந்தும் கால்கள் அசையாமல் இருந்ததைக் கண்ட பிறகுதான் இழுத்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவன், பெரிய உடம்புக்காரன், பிறகு ஆஸ்பத்திரி விறாந்தையில் என் தோளில் சாய்ந்து அழுதான்.

நான் போய்ப் பார்த்தது மூன்றாம் நாள். அக்கா கட்டிலின் ஒரு பக்கம், மகள் மற்றப் பக்கம். தாதி ஒருத்தி ஊசி மருந்தோடு வந்தாள், இளம் பெண், நல்ல பண்பு. மருந்து கொடுக்குமுன் ஆளைச் சரிபார்க்கவேண்டும். பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லச் சொன்னாள். அவர் பெயரைச் சொன்னார். பிறகு, பதினாலு, மூன்று, ஐம்பத்தாறு என்றார்.

தாதி அவருடைய கைப்பட்டியைப் பார்த்தாள். அதில் அறுபது. குழம்பியிருக்கிறாராக்கும் என்று நினைத்து, அன்பாக இன்னொரு தரம் கேட்டாள்.

"ஐம்பத்தாறு."

மகள் குனிந்து அவருடைய காதருகே சொன்னாள். "அப்பா, நேற்றும் இப்பிடித்தான். ஒவ்வொரு தரமும் அவை இன்னொராளைக் கூப்பிட வேண்டிக்கிடக்கு. பழசைச் சொல்லுங்கோ அப்பா. ப்ளீஸ்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். திருப்பும்போது வாசலில் நின்ற என்னைக் கண்டார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. என் கடிதம் வந்திருந்தால் அந்தப் பட்டியில் வேறு இலக்கம் இருந்திருக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தாதி ஊசியைப் பிடித்தபடி நின்றாள். அக்கா என்னைப் பார்த்துக் கும்பிட்டார், ஏதாவது சொல்லுங்கோ என்பதுபோல.

"அண்ணை, சொல்லுங்கோ" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அறுபது" என்றார்.

தாதி நன்றி சொல்லி ஊசியைப் போட்டாள். இரண்டு நாளில் அவர் இறந்துபோனார்.

எங்கள் ஆட்களின் மரண அறிவித்தலில் படத்துக்கு ஒரு பக்கம் மலர்வு என்றும் மறுபக்கம் உதிர்வு என்றும் தேதி போடுவார்கள். அன்று பின்னேரமே மகள் தொலைபேசி எடுத்தாள். அழுது முடித்த குரல்.

"மாமா, நோட்டீஸ் அடிக்கிறவை கேக்கினம். மலர்வு எண்டு எந்த வருசம் போட? அம்மா பயப்பிடுறா. அப்பாவை அப்பவே தெரிஞ்ச ஆள் நீங்கள்தான். நீங்கள் சொல்லுறதைப் போடுறன்."

ஐம்பத்தாறு என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்கவேண்டும். நாக்கு நுனியில் நின்றது. அந்த நோட்டீஸ் இணையத்தில் போகும், எல்லாரும் பார்ப்பார்கள், அக்காவுக்கு என்ன ஆகுமோ என்று நினைத்தேன். இது அக்காவுக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதிப் பொய். பார்க்கிற யாராவது, அப்ப நீ எந்த வருசம் என்று என்னைக் கேட்பார்களே என்பதுதான் மிச்சப் பாதி.

"கடதாசியிலை இருக்கிறதையே போடு பிள்ளை" என்றேன்.

"சரி மாமா."

அறிவித்தலில் அறுபது. பூசையை வைத்த சுவாமியும் அந்த வயதைத்தான் வாசித்தார். கல்லிலும் அதைத்தான் வெட்டியிருக்கிறார்கள். அலுவலகத்திலிருந்து பிறகு ஒரு கடிதம் வந்ததாம், விண்ணப்பதாரர் காலமாகிவிட்டதால் விடயம் முடிக்கப்படுகிறது என்று. மகள் என்னைக் கண்டால் இப்போதும் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

போன வசந்தத்தில் வானைத் துடைத்தேன். எஞ்சின் மூடியைத் திறந்தபோது மூன்றாவது இலக்கத்தின் குழிக்குள் கொஞ்சம் சோக்கு மிச்சமிருந்தது, அவருடைய துணிக்கு எட்டாமல். அதைப் படம் எடுத்தேன். வருசம் பிழையாகப் பதியப்பட்டிருக்கிறது, திருத்தித் தரவும் என்று ஒரு படிவம் நிரப்பினேன். உண்மையான வருசப்படியும் வானுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது, திருத்துவதால் எனக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. ஒன்பது நாளில் புதுப் பத்திரம் வந்தது. எழுபத்தொன்று.

அதை வைப்பதற்காக முன்பெட்டியைத் திறந்தேன். அவருடைய கடிதம் உள்ளேதான் இருந்தது, மடித்தபடி, கோட்டுக்கு மேலே வெறுமையாக. வானின் படிவத்தில் கையெழுத்து வைக்க எனக்கு ஒரு நிமிசம்கூட எடுக்கவில்லை.